வாக்குச்சீட்டும் எல்லைக்கோடும் – 9: வராமல் போன அட்மிரல்

இதுவரை: 1947 அக்டோபர் 26-ல் மகாராஜா ஹரி சிங் இந்தியாவுடன் இணையச் சம்மதித்துக் கையெழுத்திட்டார். மறுநாள் மவுண்ட்பேட்டன் அதை ஏற்றார். ஏற்ற கையோடு, படையெடுத்து வந்தவர்கள் வெளியேறி அமைதி திரும்பியதும் இணைப்பு பற்றி மக்களைக் கேட்போம் என்று கடிதமும் எழுதினார். நவம்பர் 2-ல் வானொலியில் பேசிய நேரு, அந்த வாக்கெடுப்பை ஐ.நா. போன்ற சர்வதேச அமைப்பின் மேற்பார்வையில் நடத்தத் தயார் என்றார். 1948 ஜனவரி 1-ல் இந்தியாவே ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் கதவைத் தட்டியது.

* * *

நியூயார்க்குக்குப் பக்கத்தில், லாங் ஐலண்டில், லேக் சக்ஸஸ் என்றொரு ஊர். உலகப் போரின்போது ஸ்பெர்ரி கைரோஸ்கோப் கம்பெனி அங்கே போர்க் கருவிகள் செய்துகொண்டிருந்தது. ஐ.நா.வுக்கு அப்போது சொந்தக் கட்டடம் இல்லை. அந்தத் தொழிற்சாலைக் கட்டடத்தில்தான் பாதுகாப்பு கவுன்சில் கூடிக்கொண்டிருந்தது.

1948 ஜனவரி 15. இந்தியாவின் சார்பில் பேச எழுந்தவர் ஒரு தஞ்சாவூர் ஜில்லாக்காரர். வயது 65. பெயர் என். கோபாலசுவாமி அய்யங்கார்.

சென்னை பச்சையப்பன் கல்லூரியில் கொஞ்ச காலம் ஆசிரியர், பிறகு துணை கலெக்டர், அங்கிருந்து படிப்படியாக மேலே போனவர். காஷ்மீர் வழக்கை வாதாட இவரை ஏன் அனுப்பினார்கள் என்ற கேள்விக்குப் பதில் அவருடைய பழைய உத்தியோகத்தில் இருக்கிறது. 1937 முதல் 1943 வரை ஜம்மு காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதம மந்திரி அவர்தான். ஸ்ரீநகர் தலைமைச் செயலகத்தின் கோப்புகளை அவரளவுக்குப் புரட்டிய இன்னொருவர் நேருவின் மந்திரிசபையில் இல்லை.

அவர் காஷ்மீர் விஷயங்களைக் கவனிப்பது சமஸ்தான இலாகாவை வைத்திருந்த படேலுக்குப் பிடிக்கவில்லை. 1947 டிசம்பரில் அந்த உரசல் ராஜினாமாப் பேச்சு வரை போய்த் திரும்பியது. அது தனிக் கதை.

கோபாலசுவாமியோடு, அதே தூதுக்குழுவில், காஷ்மீர் தலைவர் ஷேக் அப்துல்லா உட்கார்ந்திருந்தார். கோபாலசுவாமி பிரதம மந்திரியாக இருந்தபோது, 1938-ல், கைதாகிச் சிறைக்குப் போனவர் அப்துல்லா. சிறைக்கு அனுப்பிய அரசின் தலைவரும் சிறைக்குப் போனவரும் பத்து வருஷம் கழித்து ஒரே பெஞ்சில். அரசியலில் இதெல்லாம் நடக்கும் என்று சொல்லிக் கடந்துவிடலாம்தான். ஆனால் அந்த பெஞ்சைப் பார்த்த மற்ற தேசத்துப் பிரதிநிதிகளுக்கு இந்த முன்கதை தெரிந்திருக்குமா என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

கோபாலசுவாமி பேசியது ஒரு வக்கீலின் பேச்சு. பழங்குடிப் படைகள் பாகிஸ்தான் மண் வழியாக வந்தன, அங்கேயே ஆயுதமும் வண்டியும் பெட்ரோலும் பெற்றன, அதை நிறுத்தச் சொல்லுங்கள். அவ்வளவுதான் கோரிக்கை. இந்தியா போனதும் ஐ.நா. சாசனத்தின் 35-வது பிரிவின் கீழ்தான். அது சமரச அத்தியாயத்தைச் சேர்ந்த பிரிவு. அதன்படி கவுன்சில் சிபாரிசு செய்யலாம், கட்டளையிட முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொடரின் மிச்சப் பகுதிகளில் நடப்பதில் பாதிக்கு இதுதான் காரணம்.

அடுத்த இரண்டு அமர்வுகள் பாகிஸ்தானுடையவை. வெளியுறவு மந்திரி ஜஃபருல்லா கான் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார். படையெடுப்பைப் பற்றி மட்டும் பேசாமல் பஞ்சாபின் ரத்தக்களரி, ஜுனாகட், பிரிவினையின் எல்லாக் காயங்கள் என்று எல்லாவற்றையும் மேஜைமேல் கொட்டினார். ஒரு வாரம் கழிவதற்குள் கவுன்சில் தன் நிகழ்ச்சி நிரலில் வழக்கின் தலைப்பையே மாற்றியது. ‘ஜம்மு காஷ்மீர் பிரச்சினை’ என்று இருந்தது ‘இந்தியா பாகிஸ்தான் பிரச்சினை’ ஆனது.

புகார் கொடுக்கப் போனவர் அந்தக் கணமே வழக்கின் இரண்டு கட்சிக்காரர்களில் ஒருவராகிவிட்டார்.

* * *

பிப்ரவரியில் இந்தியத் தூதுக்குழு கலந்தாலோசனைக்காக டெல்லி திரும்பியது. காந்தி சுடப்பட்டுச் சில நாட்களே ஆகியிருந்த டெல்லி அது.

லேக் சக்ஸஸில் விவாதம் நின்றிருந்த அந்த இடைவெளியில், பிப்ரவரி 20-ல், ஜுனாகட்டில் ஒரு வாக்கெடுப்பு நடந்து முடிந்தது. காஷ்மீரின் தலைகீழ் வடிவம் ஜுனாகட். நவாப் முஸ்லிம், குடிகளில் பெரும்பான்மையினர் இந்துக்கள், நவாப் சேர்ந்தது பாகிஸ்தானுடன். வாக்காளர் பட்டியலில் 2,01,457 பேர் இருந்தார்கள். 1,90,870 பேர் வாக்களித்தார்கள். பாகிஸ்தானுக்கு விழுந்தவை 91.

ஜுனாகட்டில் ஐ.நா. இல்லை. நிர்வாகம், போலீஸ், வாக்குப்பெட்டி எல்லாம் இந்தியாவின் ஒரே கையில் இருந்தன. சர்வதேச மேற்பார்வை எதுவும் இல்லாமல், இந்தியா நிர்வாகத்தை எடுத்த மூன்றரை மாதத்துக்குள் காரியம் முடிந்தது. பாகிஸ்தான் அதை ஏற்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்பு எப்படி வந்திருக்கும் என்பதில் யாருக்கும் பெரிய சந்தேகம் இருந்ததில்லை.

காஷ்மீரில் சந்தேகம் இருந்தது. அங்கே யாருடைய போலீஸ் நிற்பது, யாருடைய ராணுவம் விலகுவது, யார் பெட்டியைத் திறப்பது என்பதுதான் முழுக் கதையும்.

1948 ஏப்ரல் 21-ல் கவுன்சில் 47-வது தீர்மானத்தை நிறைவேற்றியது. பழங்குடிகளையும், போரிடுவதற்காக உள்ளே வந்த பாகிஸ்தான் குடிமக்களையும் பாகிஸ்தான் வெளியேற்ற முயல வேண்டும். அது நடக்கிறது என்று தெரிந்ததும் இந்தியா தன் படையைச் சட்டம் ஒழுங்கைக் காக்கத் தேவையான அளவுக்குக் குறைக்க வேண்டும். ஐ.நா. பொதுச் செயலாளர் பெயர் சொல்பவர் வாக்கெடுப்பு நிர்வாகியாக நியமிக்கப்படுவார். மாநில அரசில் எல்லா முக்கிய அரசியல் குழுக்களுக்கும் மந்திரி அந்தஸ்தில் இடம் தரும்படி இந்தியா சொல்ல வேண்டும்.

கடைசி வரி டெல்லிக்குக் கசந்தது. ஷேக் அப்துல்லாவின் அரசில் அவருடைய எதிரிகளை உட்கார வைக்கவா வழக்குப் போட்டோம் என்று கோபம். கராச்சிக்கு வேறு வரிகள் கசந்தன. இரண்டு தலைநகரங்களும் தீர்மானத்தைக் குறை சொல்லிவிட்டு, ஐ.நா. கமிஷன் வந்தால் வரட்டும் என்று விட்டன.

* * *

1948 ஜூலை 7. ஐந்து பேர் கொண்ட கமிஷன் கராச்சியில் வந்திறங்கியது. அர்ஜென்டினா, பெல்ஜியம், கொலம்பியா, செக்கோஸ்லோவாகியா, அமெரிக்கா என்று ஆளுக்கொரு தேசம். செக்கோஸ்லோவாகியாவின் பிரதிநிதி ஜோசப் கோர்பெல். இந்தப் பெயரைக் கேள்விப்படாத வாசகர்களும் அவருடைய மகளைக் கேள்விப்பட்டிருப்பார்கள். பின்னாளில் அமெரிக்காவின் முதல் பெண் வெளியுறவு மந்திரியான மேடலின் ஆல்பிரைட்தான் அவர்.

கமிஷனை வரவேற்ற ஜஃபருல்லா கான் சாவதானமாக ஒரு செய்தி சொன்னார். மே மாதத்திலிருந்தே பாகிஸ்தான் ராணுவத்தின் மூன்று பிரிகேடுகள் காஷ்மீர் மண்ணில் இருக்கின்றன.

ஏப்ரல் தீர்மானம் பழங்குடிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. இப்போது எதிரே நிற்பது ஒரு தேசத்தின் முறையான ராணுவம். கமிஷன் கணக்கை முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

அப்படிப் போட்ட கணக்குத்தான் ஆகஸ்ட் 13 தீர்மானம். மூன்று பாகங்கள். முதல் பாகம் போர்நிறுத்தம். இரண்டாம் பாகத்தில் பாகிஸ்தான் ராணுவமும் பழங்குடிகளும் வெளியேற வேண்டும், பிறகு இந்தியா தன் படையின் பெரும்பகுதியைக் கட்டம் கட்டமாக விலக்க வேண்டும். மூன்றாம் பாகம், மக்களின் விருப்பப்படி மாநிலத்தின் எதிர்காலம். பாகம் ஒன்று முடிந்தால் இரண்டு, இரண்டு முடிந்தால் மூன்று.

டெல்லி ஆகஸ்ட்டிலேயே சம்மதித்தது. கராச்சி நிபந்தனைகள் போட்டது. வாக்கெடுப்பு எப்படி நடக்கும் என்ற விவரம் போதாது என்றது. அந்த விவரத்தைத் தயார் செய்ய டிசம்பர் ஆகிவிட்டது. ஆனால் யுத்தம் டிசம்பருக்குக் காத்திருக்கவில்லை.

* * *

இந்த இடத்தில் நம்ம பெங்களூர் உள்ளே வருகிறது.

அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர்களின் பாசறை. ஏரிக்கு இந்தப் பக்கம், பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டி, மர்பி டவுன். முன்னொரு காலத்தில் நாக்ஸ்பேட்டை என்று பெயர். பிற்பாடு கன்டோன்மென்ட் எஞ்சினியர் மர்பியின் பெயர் ஒட்டிக்கொண்டது. தெருவில் தமிழ் கேட்கும், கடைப் பலகையில் கன்னடம் இருக்கும், சண்டை இரண்டிலும் நடக்கும். சாப்பர்களுக்கு ராணுவத்தில் செல்லப் பெயர் ‘தம்பி’. ஜெனரல்களே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

1948 இலையுதிர் காலத்தில் அந்தத் தம்பிகள் சிலர் சோஜி லா கணவாயின் அடிவாரத்தில், பால்டாலில், பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சோஜி லா சுமார் 11,500 அடி உயரம். காஷ்மீர் பள்ளத்தாக்கிலிருந்து லடாக்குக்குப் போகும் வாசல் அது. எதிரி கணவாயின் மேலே உட்கார்ந்திருந்தான். காலாட்படை இரண்டு முறை முட்டிப் பார்த்துத் திரும்பிவிட்டது. லே தனித்து நின்றது. குளிர்காலம் வந்துவிட்டால் அடுத்த கோடை வரை எதுவும் செய்ய முடியாது.

டிவிஷன் கமாண்டர் மேஜர் ஜெனரல் திம்மய்யா. குடகு நாட்டுக்காரர், பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியில் படித்தவர். அவர் எடுத்த முடிவு ராணுவத்தில் பலருக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும். 7-வது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்குகளை அந்தக் கணவாய்க்கு ஏற்றுவது.

கோவேறு கழுதை போகிற தடத்தில் டாங்கு எப்படிப் போகும்? தடத்தை அகலப்படுத்த வேண்டும். மெட்ராஸ் சாப்பர் கம்பெனிகள் மேஜர் தங்கராஜுவின் கீழ் அதைச் செய்தன. வெடி வைத்துப் பாறையைப் பிளப்பது, சரிவில் மண்ணும் கல்லும் சரியாமல் தாங்குசுவர் கட்டுவது, பனியில் ஒவ்வொரு கெஜமாக முன்னேறுவது. ஒரு பக்கம் மலைச்சுவர், இன்னொரு பக்கம் பாதாளம். டாங்கின் சங்கிலிப்பட்டை ஓர் அடி தப்பினால் எல்லாம் போச்சு. டாங்குகளை ரகசியமாகக் கொண்டுவர அவற்றின் கோபுரங்களைக் கழற்றி, மேலே துணி போர்த்தி, சாதாரண வண்டி மாதிரி நகர்த்தினார்கள்.

நவம்பர் 1. பனி கொட்டிக்கொண்டிருந்தது. அத்தனை உயரத்தில் டாங்கு வரும் என்று எதிரே இருந்தவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. கணவாய் அன்றே விழுந்தது. அந்த மாதம் முடிவதற்குள் திராஸும் கார்கிலும் வந்து லேயின் பாதை திறந்தது.

ராணுவப் புத்தகங்கள் இதை வீரக் கதையாகச் சொல்கின்றன. எனக்கு இது வாக்கெடுப்புக் கதையின் ஒரு பகுதியாகத்தான் தெரிகிறது. போர்நிறுத்தம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும்தான் நாளைக்கு வாக்காளர் பட்டியல் எழுதுவார்கள். பால்டாலில் பாறை உடைத்தவர்கள் அறிந்தோ அறியாமலோ அந்தப் பட்டியலின் எல்லையை வரைந்துகொண்டிருந்தார்கள். லடாக் எந்தப் பக்கம் என்பதை வாக்குப்பெட்டி தீர்மானிக்கும் முன் ஒரு ரோடு தீர்மானித்தது.

மர்பி டவுனைச் சொல்லத் தொடங்கிவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேட்டையும் ஒரு கைமாறிய பிரதேசம்தான். பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்த பெங்களூர் சிவில் மிலிட்டரி ஸ்டேஷன், 1947 ஜூலை 26-ல் மைசூர் மகாராஜாவிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. மைசூர் எல்லைக்குள் மைசூர் இல்லாத ஒரு தமிழ்க் கன்டோன்மென்ட். யார் ஆட்சியில் இருக்க விருப்பம் என்று ஒரு வீட்டுக் கதவையும் யாரும் தட்டவில்லை. கேட்கச் சொல்லி யாரும் போராடவும் இல்லை. அப்போது இரண்டு ராணுவம் அங்கே மோதிக்கொள்ளவில்லை. மக்களைக் கேள் என்ற கோரிக்கை உலக அரங்கில் எழுவது பெரும்பாலும் துப்பாக்கிகள் பேசத் தொடங்கிய பிறகுதான். துப்பாக்கிகள் இருக்கும் இடத்தில் கேட்பதோ கஷ்டம்.

* * *

டிசம்பர் கடைசியில் இரண்டு தரப்பும் கமிஷனின் புதிய யோசனைகளை ஏற்றன. டெல்லி 23-ல், கராச்சி 25-ல்.

இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி அப்போது ஓர் ஆங்கிலேயர், ராய் புச்சர். பாகிஸ்தான் ராணுவத்தின் தளபதியும் ஆங்கிலேயர்தான், டக்ளஸ் கிரேசி. யுத்தத்தின் இரண்டு முனைகளையும் ஒரே தேசத்துக்காரர்கள் பிடித்திருந்தார்கள். இருவரும் தந்தி பரிமாறிக்கொண்டார்கள். 1949 ஜனவரி 1, நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னதாகத் துப்பாக்கிகள் நின்றன. பதினான்கு மாதச் சண்டை அதோடு ஓய்ந்தது.

நான்கு நாள் கழித்து, ஜனவரி 5-ல், கமிஷன் தன் இரண்டாவது தீர்மானத்தை நிறைவேற்றியது. இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சர்வதேச மேற்பார்வையில் வாக்கெடுப்பு என்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் காஷ்மீருக்காகக் கடைசி ஆணி வரை யோசித்து எழுதிய ஒரே காகிதம் அது.

கேள்வி இந்தியாவா பாகிஸ்தானா என்பது. மூன்றாவது பெட்டி இல்லை. சுதந்திர காஷ்மீர் என்று நினைத்தவர்களுக்குச் சீட்டில் இடமே கிடையாது.

நிர்வாகியாக வருபவர் உலக அளவில் மதிப்பும் எல்லோருடைய நம்பிக்கையும் பெற்றவராக இருக்க வேண்டும். ஐ.நா. பொதுச் செயலாளர் அவரைப் பெயர் சொல்வார், முறைப்படி நியமிப்பது ஜம்மு காஷ்மீர் அரசு. அதாவது ஷேக் அப்துல்லாவின் அரசு. உலகம் அனுப்பும் நடுவருக்குப் பணி நியமன உத்தரவு கொடுப்பது போட்டியில் இருக்கும் ஒரு தரப்பு! ராஜதந்திரத்தில் இதை ஒரு சாமர்த்தியமான சமரசம் என்பார்கள். டெல்லியின் இறையாண்மையும் காப்பாற்றப்பட்டது, கராச்சியின் சந்தேகமும் ஓரளவு தணிந்தது.

மிரட்டல் கூடாது, லஞ்சம் கூடாது. பத்திரிகைக்கும் கூட்டத்துக்கும் தடை கூடாது. அரசியல் கைதிகளை விட வேண்டும். வாக்களித்ததற்காக யாரையும் பிறகு பழிவாங்கக் கூடாது. கலவரத்தில் ஓடிப் போனவர்கள் எல்லோரும் குடிமக்களாகத் திரும்பி வரலாம்.

கடைசி வாக்கியம் படிக்கச் சுலபம். அதை நடத்த நினைத்துப் பாருங்கள். ஜம்முவிலிருந்து ஓடிய முஸ்லிம்கள் சியால்கோட் முகாம்களில். மீர்பூரிலிருந்தும் முசாஃபராபாத்திலிருந்தும் ஓடிய இந்துக்களும் சீக்கியர்களும் ஜம்முவிலும் டெல்லியிலும். அவர்கள் வீடுகளில் இப்போது வேறு யாரோ. யார் மாநிலத்தின் குடி, யார் வந்தேறி, எந்த ஊர்ப் பட்டியலில் பேர் எழுதுவது?

வயது வந்தோர் எல்லோரும் இருக்கும் வாக்காளர் பட்டியலே அந்த மாநிலத்தில் அதுவரை எழுதப்பட்டதில்லை. மகாராஜா காலத்துப் பிரஜா சபைத் தேர்தலில் ஓட்டுரிமை, சொத்தும் படிப்பும் உள்ள ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும். 1941 கணக்குப்படி மக்கள் தொகை சுமார் 40 லட்சம். பாதி மாநிலத்தில் பனி விழுந்தால் கணவாய்கள் மூடிக்கொள்ளும். பட்டியல் எழுத ஒரு கோடை, வாக்களிக்க இன்னொரு கோடை.

இதெல்லாம் முடியாத காரியமல்ல. 1935 ஜனவரி 13-ல் ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் இடையில் கிடந்த சார் பிரதேசத்தில் சர்வதேச சங்கம் வாக்கெடுப்பு நடத்திக் காட்டியது. வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தான நாளில், அதாவது 1919 ஜூன் 28-ல், சாரில் வசித்தவர்கள்தான் வாக்காளர்கள் என்று ஒரு தேதியைக் கோடாகப் போட்டார்கள். வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து வாக்களித்தார்கள். வாக்கெடுப்புக்கு முன்பே பிரிட்டன், இத்தாலி, ஸ்வீடன், நெதர்லாந்து நாடுகளின் சுமார் 3,300 சிப்பாய்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஜெர்மனிக்கு 90 சதவீதத்துக்கு மேல் வாக்கு. எண்ணிக்கையைப் பற்றி யாரும் முறையிடவில்லை. ஹிட்லரின் ஜெர்மனிக்குப் போகத்தான் ஆசைப்பட்டார்கள் என்பது வேறு விஷயம்.

சாரில் நடந்ததற்கும் 1999 ஆகஸ்ட் 30-ல் கிழக்குத் தைமூரில் நடந்ததற்கும் வித்தியாசம் ஒரே விஷயத்தில்தான். தைமூரில் வாக்கெடுப்பை ஐ.நா. நடத்தியது, பாதுகாப்பை இந்தோனேசியப் போலீஸிடமே விட்டது. 78.5 சதவீதம் பேர் சுதந்திரப் பாதைக்கு வாக்களித்தார்கள். முடிவு வந்ததும் ஊர்கள் எரிந்தன. சர்வதேசப் படை வந்து சேர்ந்தது எரிந்த பிறகு.

1949-ல் தைமூர் எதிர்காலத்தில் இருந்தது, சார் நேற்றில் இருந்தது. கமிஷனில் இருந்தவர்கள் சாரை நன்றாகவே அறிவார்கள். ஆனால் அவர்கள் கையில் 3,300 பேர் அல்ல, மூன்று பேர்கூட ஆயுதத்தோடு இல்லை. இருந்தவர்கள் ராணுவப் பார்வையாளர்கள், அதாவது நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்கள்.

* * *

1949 மார்ச்சில் ஐ.நா. பொதுச் செயலாளர் ட்ரிக்வே லீ நிர்வாகியின் பெயரை அறிவித்தார். கடற்படை அட்மிரல் செஸ்டர் நிமிட்ஸ்.

பசிபிக் யுத்தத்தை அமெரிக்கக் கடற்படையின் தரப்பில் நடத்தியவர். 1945 செப்டம்பர் 2-ல் டோக்கியோ விரிகுடாவில் மிசௌரி கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது அமெரிக்காவின் சார்பில் கையெழுத்துப் போட்டவர். உலக மதிப்பு என்ற தகுதியில் யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு அரசுகளும் அவரை ஏற்றன.

கடல் தளபதிக்கு மலை நாட்டில் என்ன வேலை என்று டெல்லியில் அப்போது கிண்டல் எழுந்திருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் ஒரு விதத்தில் அவரே பொருத்தமானவர். பல லட்சம் சிப்பாய்களையும் கப்பல்களையும் தீவு தீவாக, தேதி தப்பாமல் நகர்த்தியவர். காஷ்மீருக்குத் தேவைப்பட்டதும் கிட்டத்தட்ட அதுதான்: இரண்டு ராணுவங்களைத் தேதி போட்டு நகர்த்துவது.

அட்மிரல் நியூயார்க்கில் ஆயத்தங்களைத் தொடங்கினார். ஸ்ரீநகருக்குப் புறப்படும் நாளுக்காகக் காத்திருந்தார்.

ஏப்ரல் போயிற்று. கமிஷன் ஏப்ரல் 28-ல் படை விலக்கத்துக்கான நிபந்தனைகளை எழுதி இரண்டு தலைநகரங்களுக்கும் அனுப்பியது. இரண்டும் தட்டிக் கழித்தன.

ஜூலை 27-ல் கராச்சியில் ஒன்று மட்டும் நடந்தது. போர்நிறுத்தக் கோட்டை வரைபடத்தில் வரைந்து கையெழுத்துப் போட்டார்கள். தெற்கே மனாவரிலிருந்து தொடங்கி மேலே போய் பனிப்பாறைகளில் கோடு தேய்ந்து முடிந்தது. அதற்கப்பால் மனிதன் போகப் போவதில்லை என்று நினைத்து அங்கே கோடு போடாமல் விட்டார்கள். சியாச்சின் கதையின் விதை அது. தொடரின் பிற்பகுதியில் வருவோம்.

கோடு வந்தது, விலக்கம் வரவில்லை. ஏன்?

கோட்டுக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தான் ராணுவம் போனாலும், அதே ராணுவம் பயிற்சி கொடுத்து வளர்த்த ஆசாத் காஷ்மீர் படை இருந்தது. கமிஷனின் அறிக்கையே அதை 32 பட்டாலியன்கள் என்று சொல்கிறது. பாகிஸ்தான் ராணுவம் முன்வாசல் வழியாகப் போய்விட்டு இந்த 32 பட்டாலியன்கள் இருந்தால் யாருக்கு லாபம் என்று டெல்லி கேட்டது. முதலில் அவற்றைக் கலை, ஆயுதங்களை வாங்கு, அப்புறம்தான் எங்கள் படை நகரும். வடக்கே கில்கித் பக்கக் கணவாய்களில் நாங்கள்தான் காவல் நிற்போம்.

கராச்சியின் பதில் வேறு மாதிரி. இந்தியாவின் விலகல் திட்டத்தை முதலில் காட்டுங்கள். இரண்டு படையும் ஒரே நேரத்தில், ஈடுக்கு ஈடாக விலகட்டும். ஆசாத் படையைக் கலைப்பது வாக்கெடுப்புக்குப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவின் கட்சியைச் சட்டப்படி பார்த்தால் வலுவானது என்பதே என் எண்ணம். பாகிஸ்தான் ராணுவம் அந்த மண்ணில் நிற்பதே கவுன்சிலிடம் மறைத்து வைக்கப்பட்டு, பிறகு கமிஷனிடம் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். அதற்குச் சம அந்தஸ்து கேட்பது ஏற்கத் தக்கதல்ல. ஆனால் வாக்கெடுப்பை நடத்தியே தீர வேண்டும் என்று டெல்லியில் யாருக்காவது அவசரம் இருந்ததா என்று கேட்டால், 1949-ன் கோப்புகளில் அந்த அவசரம் தெரியவில்லை. தோற்றுவிடுவோமோ என்ற பயம் இரண்டு பக்கமும் இருந்தது. சோஜி லாவுக்கு டாங்கு ஏற்றத் தெரிந்த அரசுகளுக்கு வாக்குப்பெட்டி ஏற்ற வழி தெரியாமல் போகாது. இரண்டுக்கும் பெட்டி வேண்டும், மற்றவன் முதலில் போக வேண்டும்.

ஆகஸ்டில் கமிஷன் கடைசி முயற்சி செய்தது. படை விலகலில் உள்ள சண்டையை ஒரு மத்தியஸ்தரிடம் விடுங்கள், அவர் தீர்ப்புக்கு இருவரும் கட்டுப்படுங்கள். மத்தியஸ்தர் நிமிட்ஸே. மாதக் கடைசியில் அமெரிக்க அதிபர் ட்ரூமனும் பிரிட்டிஷ் பிரதமர் அட்லியும் நேருவுக்கும் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானுக்கும் நேரடியாக எழுதினார்கள். பாகிஸ்தான் சரி என்றது. நேரு முடியாது என்றார். தன் தேசத்தின் மண்ணில் யார் இருக்கலாம் என்பதை மூன்றாமவர் தீர்ப்புக்கு விட முடியாது என்பது அவர் நிலை. வல்லரசு ஒன்றின் அட்மிரலிடம் ஆலோசனை கேட்கலாம், கட்டளை வாங்க முடியாது.

பிறகு அக்டோபர் 17. டெல்லியில் அரசியல் நிர்ணய சபை. எழுந்தவர் மறுபடியும் கோபாலசுவாமி அய்யங்கார். இப்போது ரயில்வே, போக்குவரத்து மந்திரி. 306ஏ என்ற பிரிவை முன்மொழிகிறார், பின்னால் 370 ஆகப்போகும் பிரிவு. மௌலானா ஹஸ்ரத் மொஹானி குறுக்கிட்டு, இந்தப் பாரபட்சம் எதற்கு என்று கேட்டார். கோபாலசுவாமி காரணங்களை அடுக்கினார். அந்த மாநிலத்தில் யுத்தம் நடந்தது, ஒரு பகுதி எதிரி கையில், ஐ.நா.வில் சிக்கியிருக்கிறோம். மக்களுக்கு நாம் வாக்குக் கொடுத்திருக்கிறோம், இயல்பு நிலை திரும்பினால், நேர்மையான வாக்கெடுப்புக்கு உத்தரவாதம் இருந்தால், இந்தியாவில் இருப்பதா விலகுவதா என்பதை அவர்கள் சொல்லலாம்.

லேக் சக்ஸஸிலும் டெல்லியிலும் அதே மனிதர், அதே வாக்குறுதி. நடுவில் இருபத்தொரு மாதங்கள். வாக்குறுதி அப்படியே இருந்தது. அதற்கு முன் நிற்கும் ‘திரும்பினால்’, ‘இருந்தால்’ என்ற நிபந்தனைகளின் எடை மட்டும் கூடியிருந்தது.

கமிஷன் தன் இயலாமையைக் கவுன்சிலிடம் ஒப்புக்கொண்டது. டிசம்பரில் கவுன்சிலின் தலைவராக இருந்த கனடாவின் ஜெனரல் மக்நாட்டன் இரு தரப்பும் சேர்ந்து படிப்படியாகப் படையைக் குறைக்கும் ஒரு திட்டம் தந்தார். டெல்லி அதில் இரண்டு தரப்பையும் சமமாக நிறுத்துவதைப் பார்த்து மறுத்தது. செக்கோஸ்லோவாகியாவின் புதிய பிரதிநிதி ஓல்ட்ரிச் கைல், கமிஷன் அறிக்கையோடு ஒத்துப்போகாமல் தனி அறிக்கையே எழுதினார். கமிஷனும் கலைந்தது.

அட்மிரல் நியூயார்க்கிலேயே இருந்தார். அந்தப் பதவியில் அவர் காஷ்மீருக்குப் போகவே இல்லை. அவரை முறைப்படி நியமிக்க வேண்டிய உத்தரவில் ஷேக் அப்துல்லா அரசு கையெழுத்திடும் கட்டம் வரவேயில்லை.

அதே காலத்தில் திம்மய்யாவின் பாதை வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. 1953-ல் கொரியாவில் போர்க் கைதிகளிடம் எந்த நாட்டுக்குப் போக விருப்பம் என்று கேட்கும் நடுநிலை நாடுகள் கமிஷனுக்கு அவரே தலைவராவார். கூடாரத்தில் உட்கார்ந்து கைதிகளைத் தனித்தனியாகக் கேட்கும் காரியம் அங்கே ஓரளவாவது முடிந்தது. நாற்பது லட்சம் பேரைக் கேட்கும் காரியம் முடியவில்லை.

* * *

1950 மார்ச் 14-ல் பாதுகாப்பு கவுன்சில் ஐந்து பேர் கமிஷனுக்குப் பதிலாக ஒரே ஒரு ஆளை அனுப்புவது என்று முடிவெடுத்தது. ஏப்ரல் 12-ல் பெயர் அறிவிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்ற நீதிபதி சர் ஓவன் டிக்சன்.

அவர் மே 27-ல் டெல்லி வந்து சேர்ந்தார். கோட்டின் இரு பக்கமும் சுற்றினார். ஜூலையில் நேருவையும் லியாகத் அலி கானையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார். ஒரு யோசனை அவர் கையில் இருந்தது. மாநிலம் முழுவதும் ஒரே வாக்கெடுப்பு நடத்த முடியாது என்றால், விட்டுவிடுவதா? அல்லது ஜம்மு, லடாக், கில்கித் எந்தப் பக்கம் போகும் என்பது தெளிவாக இருப்பதால் அவற்றை அப்படியே பிரித்துக்கொண்டு, சந்தேகம் உள்ள பள்ளத்தாக்கில் மட்டும் பெட்டி வைப்பதா?

அந்தக் கேள்விக்கு நேரு முதலில் தலையசைத்தாரா, லியாகத் முதலில் தலையாட்டினாரா, யார் முதலில் பின்வாங்கினார்? அடுத்த வாரம் பார்ப்போம்.